வயிற்றைச் சுருக்கலாம், நாக்கை யார் சுருக்குவது?

"உனக்கென்னம்மா, ஆபரேஷன் பண்ணிக்கிட்டே! இனிமே எதைத் தின்னாலும் உடம்பு ஏறாது!"

எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட எந்தப் பெண்ணும் இந்த வார்த்தையைக் கேட்காமல் தப்பியிருக்க மாட்டாள். கல்யாண வீட்டிலோ, கோயில் வாசலிலோ, ரேஷன் கடை வரிசையிலோ யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சகோதரிகளே, ஆபரேஷன் ஆனவள் இதை நம்பிவிட்டால் போச்சு! பட்ட கஷ்டம், செலவழித்த பணம் எல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான்.

இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் இதைப் பற்றிய கேள்வி அடிக்கடி வருகிறது. "ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷமாகிறது. முதலில் மளமளவென்று குறைந்தேன். இப்போது மறுபடி ஏறுகிறது. டாக்டர் சரியாகச் செய்யவில்லையோ?" என்று கேட்கிறார்கள். நான் மருத்துவம் படித்தவளில்லை. பள்ளி இறுதி வகுப்போடு நின்றவள். ஆனால் 2021-ல் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவள். அன்றைக்கு என் எடை 104 கிலோ. உயரம் 5 அடி 2 அங்குலம். கூடவே சர்க்கரை வியாதி, மூட்டு வலி. இரண்டு மாடி ஏறினால் நாய் மாதிரி இரைக்கும். பிறகு 68 வரை இறங்கி, இப்போது 71-ல் நிற்கிறேன். கொஞ்சம் திரும்பி ஏறுவது சகஜம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த அனுபவத்தோடும், டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதோடும் எழுதுகிறேன்.

முதலில், ஆபரேஷன் என்ன செய்கிறது?

நம் ஊரில் அதிகமாகச் செய்கிற 'ஸ்லீவ்' ஆபரேஷனில், இரைப்பையை நெடுக்காக வெட்டி முக்கால் பாகத்துக்கும் மேலேயே எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது ஒரு வாழைப்பழம் மாதிரி நீளமான குழாய். 'பைபாஸ்' என்பது இன்னொரு வகை. அதில் இரைப்பையின் மேல்பகுதியில் சின்னதாக ஒரு பை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைத்து விடுகிறார்கள். இது புதிசு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் 1966-லேயே பைபாஸ் செய்யத் தொடங்கிவிட்டார்.

இரைப்பை சின்னதாகிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. 'கிரெலின்' என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. "பசிக்கிறது, சாப்பிடு" என்று மூளைக்குச் சொல்லி அனுப்புவது இதுதான். இது பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவ் ஆபரேஷனில் அந்தப் பகுதியே போய்விடுவதால் முதல் சில மாதங்களுக்குப் பசியே தெரியாது. "சாப்பிடணுமே" என்று நினைவு வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும்!

இந்தக் காலத்தைத் தாய்வீடு என்றுதான் நான் சொல்வேன். எல்லாம் சுலபமாக நடக்கும். பெரும்பாலான எடை முதல் ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துக்குள் குறைந்துவிடும். அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பசி திரும்பும். இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அப்போதுதான் புகுந்த வீடு ஆரம்பம். தாய்வீட்டில் இருக்கும்போதே பழக்கத்தைச் சரியாகப் போட்டுக்கொண்டவள் புகுந்த வீட்டில் பிழைத்துக்கொள்வாள். ஏனென்றால் ஆபரேஷன் வயிற்றுக்குத்தான், நாக்குக்கு இல்லை. வறுத்த முறுக்கின் வாசனை மூக்குக்கு அப்படியேதான் வரும்!

ஆரம்ப வாரங்கள்

எடுத்தவுடனே சோறு, குழம்பு கிடையாது. முதலில் தெளிந்த நீராகாரம். அப்புறம் பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர் போன்றவை. பிறகு கூழாக மசித்தது. அதற்கப்புறம் இட்லி, முட்டை, முள்ளெடுத்த மீன் மாதிரி மெத்தென்றது. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர 6 முதல் 8 வாரம் ஆகும். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கணக்கு கொஞ்சம் வித்தியாசப்படும். உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த தாள்தான் உங்களுக்கு வேதம். பக்கத்து வீட்டு அக்கா இரண்டாவது வாரமே இட்லி சாப்பிட்டாளாம் என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். உள்ளே இருப்பது ஆறிக்கொண்டிருக்கிற தையல்!

வாழ்நாள் முழுக்க உள்ள விதிகள்

1. புரதம் முதலில். நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து சதையும் கரைந்து, ஆள் துவண்டு போய்விடுவாள். நம் இலையில் நடு இடம் சோற்றுக்கு, ஓரம் கூட்டுக்கும் பொரியலுக்கும். இதைத் திருப்பிப் போடுங்கள். நடுவில் முட்டையோ மீனோ பருப்போ பனீரோ. ஊறுகாய் வைக்கிற இடத்தில் சோறு. முதலில் நடுவில் உள்ளதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, இடமிருந்தால் மற்றது.

2. நன்றாக மென்று, மெதுவாக. ஒவ்வொரு வாயும் சுண்டுவிரல் நகத்தளவு. 20, 25 தடவை மெல்ல வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 நிமிஷத்திலிருந்து அரைமணி நேரம். போதும் என்று தோன்றியதும் கையைக் கழுவிவிட வேண்டும். "இன்னும் ஒரு வாய்தானே" என்ற அந்த ஒரு வாய்தான் வாந்தியைக் கொண்டுவருவது. குழைந்த சோறு, பிரெட், பரோட்டா மாதிரிப் பொருட்கள் உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும், ஜாக்கிரதை.

3. சாப்பாடு தனி, தண்ணீர் தனி. சாப்பிடும்போது குடித்தால் சாப்பிட்டது சீக்கிரமே இறங்கிவிடும். நிறைந்த உணர்வும் போய்விடும். சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான் தண்ணீர். ஆனால் நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும். மடக் மடக்கென்று குடிக்க முடியாது, சொட்டுச் சொட்டாகத்தான். ஒரு பாட்டிலை அடுப்படியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சோடா, கலர் வேண்டாம்.

4. இனிப்பில் கவனம். பாயசம், ஜூஸ், அல்வா உள்ளே போனால் சிலருக்குக் கொஞ்ச நேரத்திலேயே படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடுங்கல், பேதி என்று வந்துவிடும். பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தலைசுற்றும்.

5. மாத்திரை ஆயுசுக்கும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் இனி உணவிலிருந்து மட்டும் போதுமான அளவு கிடைக்காது. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12 இன்னும் முக்கியம். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக்கூடாது. நடுவில் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைக் காப்பி, டீயோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. மூட்டு வலி, தலைவலி என்று மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் புண்ணையே உண்டாக்கிவிடும்.

இவ்வளவுதான். படிக்கும்போது சுலபமாக இருக்கிறது, இல்லையா? கஷ்டம் விதியில் இல்லை. நம் வீட்டில் இருக்கிறது!

வீட்டுக்குள் வரும் சோதனை

நாம் எப்போது உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், சொல்லுங்கள்? பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு ஓடும். அவர் டிபன் பாக்ஸ் கேட்பார். அடுப்பில் பால் பொங்கும். இடையில் நின்றபடியே இரண்டு வாய் போட்டு முழுங்கிவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போகிறவள்தானே நாம்! ஆபரேஷன் ஆனவளுக்கு இது ஆகாது. "எனக்கு அரைமணி நேரம் வேணும். அதுவரைக்கும் யாரும் கூப்பிடாதீங்க" என்று சொல்லத் தெரிய வேண்டும். சொன்னால் கேட்பார்கள். நான் சொன்ன முதல் வாரம் என் வீட்டுக்காரர் கொஞ்சம் முறைத்தார். இப்போது அவரே என்னோடு உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுகிறார்.

அடுத்தது மிச்சம். குழந்தை தட்டில் விட்ட அரை தோசை, பாத்திரத்தின் அடியில் தங்கிய ஒரு கரண்டி பாயசம் எல்லாம் வீணாகப் போகிறதே என்று நம் வாய்க்குள் போகிறது. என் மாமியார் அந்தக் காலத்து மனுஷி. ஒரு பருக்கை கீழே விழுந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவரிடம் நான் சொன்னது இதுதான்: "அத்தை, குப்பையில போட்டா சோறுதான் வீணாகும். என் வயித்துல போட்டா அந்த ஆபரேஷனே வீணாகும்." அன்றிலிருந்து அளந்துதான் உலை வைக்கிறோம்.

விருந்து வீடு அடுத்த சோதனை. "கோழி கொத்துற மாதிரி கொத்துறியே, நல்லா சாப்பிடுத்தா!" என்று பாசத்தோடு இலையில் போட்டுவிடுவார்கள். கோபப்பட வேண்டாம். "டாக்டர் சொல்லியிருக்காங்க பெரியம்மா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பரிமாறுகிறவர் போடலாம்; சாப்பிடும் கை நம் கைதானே!

இரண்டு பெண்கள்

ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயசுகூட ஆகவில்லை. மெத்தென்ற உணவு மட்டுமே சாப்பிட வேண்டிய ஐந்தாவது வாரத்தில் ஒரு விசேஷ வீட்டில் இலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறாள். அன்றிலிருந்து வாந்தி. எது சாப்பிட்டாலும் வெளியே வந்துவிடும். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார், மாமியார் குத்திக் காட்டுவார் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். காலில் மரத்துப்போன மாதிரி ஒரு உணர்வு, நடந்தால் தள்ளாட்டம். பலவீனம் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். கடைசியில் அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது, வைட்டமின் பி1 குறைந்து நரம்பைத் தொட்டிருக்கிறது என்று. இந்தச் சத்து நம் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்குமாம். ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் பழையபடி நடக்க அவளுக்கு மாசக்கணக்கில் ஆனது. அத்தனையும், வாந்தி நிற்கவில்லை என்று ஒரு போன் செய்து சொல்லாததனால்!

இன்னொருத்தி எனக்கு நாத்தனார் முறை. இவள் சாப்பாட்டில் புலி. இரண்டே ஸ்பூன் சோறு, மென்று மென்று சாப்பிடுவாள். ஆனாலும் குறைந்த 30 கிலோவில் 9 கிலோ திரும்ப ஏறிவிட்டது. "மதனி, எனக்கு மட்டும் ஆபரேஷன் பலிக்கலை. அந்த டாக்டர் சரியா வெட்டலை" என்று அழுதாள். "ஒரு பதினைந்து நாள் வாயில் போடுகிறதையெல்லாம் எழுதிப் பார்" என்றேன். எழுதினாள். நாளைக்கு 5 டம்ளர் காப்பி, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால் 20 கலோரி. சர்க்கரையில் மட்டும் 200 கலோரி! டி.வி. முன்னால் முறுக்கு, மிக்சர். முறுக்கு வாயிலேயே பொடியாகி நழுவி இறங்கிவிடும். வயிறு 'போதும்' என்று சொல்லவே சொல்லாது. கறியும் பருப்பும் அப்படியில்லை; நாலு வாயில் நிறுத்திவிடும்.

அந்த நோட்டோடு அவளே டாக்டரிடம் போனாள். டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்தார், இரைப்பையையும் பார்த்தார். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. டயட்டீஷியன் புது அட்டவணை போட்டுக் கொடுத்தார். இப்போது 5 கிலோ இறங்கியிருக்கிறாள். மீதியும் இறங்கும்.

பொறுப்பு வேறு, பழி வேறு

சகோதரிகளே, இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'பொறுப்பு' என்றதும் பலருக்கு மனசில் தோன்றுவது குற்றம் சாட்டும் விரல்தான். "உன் வாயைக் கட்டமுடியலே, அதான்" என்று ஊர் சொல்லும். அது பழி. பழி விழுந்தால் பெண் ஒளிந்துகொள்வாள். வாந்தியை மறைப்பாள், எடையை மறைப்பாள், டாக்டர் சொன்ன தேதிக்குப் போகமாட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரியின் காலை மரத்துப்போக வைத்தது பாதி சத்துக் குறைவு என்றால், மீதிப் பாதி இந்தப் பயம்தான்.

பொறுப்பு என்பது மளிகைக் கணக்கு எழுதுகிற மாதிரி. கணக்கு உதைத்தால் நாம் அழுகிறோமா? எங்கே போயிற்று என்று வரிவரியாகப் பார்க்கிறோம். அதே மாதிரி எழுதுவது, உள்ளதை உள்ளபடி சொல்வது, கூப்பிட்ட தேதிக்குப் போவது ஆகிய மூன்றும்தான் நம் பொறுப்பு. எடை ஏறுவது எப்போதும் நாக்கினால்தான் என்றும் இல்லை. உடம்பே தன் பழைய எடையைத் தேடிப் போகும் குணமுடையது. தைராய்டு, சில மருந்துகள், மனக்கவலை என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பது டாக்டரின் பொறுப்பு. ஆனால் நாம் போய் முன்னால் உட்கார்ந்தால்தானே அவர் கண்டுபிடிப்பார்?

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். புரதமும் இரும்பும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இளம் தாய்மார்களுக்கு

எடை குறையக் குறைய மாதவிலக்கு ஒழுங்காகி, நினைக்காதபோதே கரு தங்கிவிடலாம். ஆனால் ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும் என்கிறார்கள். எடை வேகமாக இறங்குகிற காலத்தில் குழந்தைக்கு வேண்டிய சத்து தாயிடம் இருக்காது. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை முழுசாக வேலை செய்யாமல் போகலாம். அதனால் எந்த முறை ஏற்றது என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பிறகு கர்ப்பமானால், பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் முதல் நாளே "எனக்கு இந்த ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று சொல்லுங்கள். குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனைகூட உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; வேறு விதமாகப் பார்ப்பார்கள்.

என் ஒரு நாள் சாப்பாடு

"நீங்க என்னதான் சாப்பிடறீங்க?" என்று கேட்பவர்களுக்காக, என் சாப்பாட்டை எழுதுகிறேன்.

காலை 8 மணிக்கு 2 முட்டை (12 கிராம் புரதம்), 1 இட்லி (2 கிராம்). 11 மணிக்குச் சர்க்கரை இல்லாத பால் 1 டம்ளர் (6 கிராம்). மதியம் மீன் 80 கிராம் (16 கிராம்), கெட்டிப் பருப்பு 2 கரண்டி (4 கிராம்), கொஞ்சம் பொரியல், 2 ஸ்பூன் சோறு. சாயங்காலம் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் (6 கிராம்). இரவு பனீர் 60 கிராம் (11 கிராம்), சின்னதாக ஒரு அடை (4 கிராம்). கூட்டிப் பாருங்கள், 60-ஐத் தாண்டிவிடும். மீன் சாப்பிடாதவர்கள் பனீரையும் சோயா உருண்டையையும் வைத்து இதே கணக்குக்கு வரலாம். இது எனக்குச் சரிப்பட்டது, நாலைந்து வருஷம் பழகிய வயிற்றுக்கு. புதிதாக ஆபரேஷன் ஆனவர்கள் தங்கள் டயட்டீஷியன் சொன்ன அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஒரு நாள் தவறிப்போனால் உலகம் முடிந்துவிடாது. தீபாவளிக்கு ஒரு துண்டு மைசூர்பாகு வாயில் போட்டுவிட்டால், "போச்சு, இனி எப்படியானால் என்ன" என்று டப்பாவைக் காலி செய்துவிடாதீர்கள். அடுத்த வேளையே மறுபடி முட்டையில் தொடங்குங்கள்.

அப்புறம் ஒரே ஒரு வேலை. சமையலறையில் தொங்குகிற தினசரி காலண்டரில் கேஸ் புக் செய்த தேதி, பால் கணக்கு எல்லாம் எழுதுகிறோமில்லையா? அதிலேயே அடுத்த பரிசோதனைக்கு டாக்டர் வரச்சொன்ன தேதியையும் பெரிசாக எழுதி வட்டம் போட்டுவிடுங்கள். எடை இறங்கியிருந்தாலும் போங்கள். ஏறியிருந்தால் கட்டாயம் போங்கள்.